பேனல் 49 வோல்ட், பேட்டரி 12 வோல்ட்: நடுவில் என்ன வைக்க வேண்டும்?

போன வாரம் சங்கரன்கோவிலில் இருந்து மாமா போன் பண்ணினார். "மாப்ள, மாடியில சோலார் போட வந்த பயலுவ ஒரு பேனல் மிச்சம்னு கொறஞ்ச வெலைக்குத் தந்துட்டுப் போயிட்டானுவ. 540 வாட்டாம். நம்ம பழைய ஜீப்பு பேட்டரிதான் வாரத்துக்கு ஒருதடவ உக்காந்துருதே, அதுல நேரா கொடுத்துரலாமா?"

அவர் ஏற்கெனவே ஒரு கடையில் விசாரித்துவிட்டார். "சோலார்னா எல்லாம் 12 வோல்ட்தான் அண்ணாச்சி, தாராளமா கொடுங்க" என்று பதில் வந்திருக்கிறது.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அதில் 'ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்' என்ற வரிக்கு நேராக 49.5 வோல்ட் என்று இருந்தது. கடைக்காரர் சொன்னதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

இது மாமாவின் பிரச்சினை மட்டும் இல்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிஎம் சூர்யா கர்' திட்டத்தைத் தொடங்கியது. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் வரை மானியம் என்றதும் சின்ன ஊர் மாடிகளிலும் பேனல்கள் ஏறத் தொடங்கிவிட்டன. 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பேனல் இப்போது ஒரு சாதாரணப் பொருள். மிச்சமானது, பழையது, லேசாகக் கீறல் விழுந்தது என்று கைமாறுகிறது. டிராக்டர், லோடு ஆட்டோ, குட்டி யானை, ஷெட்டில் நிற்கும் பழைய ஜீப் என எதன் பேட்டரி இறங்கினாலும் முதலில் வரும் யோசனை, "மாடியிலதான் வெயில் சும்மா கெடக்கே" என்பதுதான். யோசனையில் தப்பே இல்லை. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்போ சரியாக இருந்தது, இப்போ ஏன் இல்லை?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பழைய கணக்கைச் சொல்கிறார். 2011-12இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சூரிய சக்தி விளக்குகள் கொடுத்தார்கள். தெருவிளக்கு, வயல் விளக்கு, வீட்டு விளக்கு என்று அந்தக் காலத்தில் நாம் பார்த்த சின்ன பேனல்கள் பெரும்பாலும் 36 செல் கொண்டவை. 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்வதற்காகவே செய்யப்பட்டதால் அவற்றுக்கு '12 வோல்ட் பேனல்' என்றே பெயர்.

அந்த '12 வோல்ட்' பேனலும் உண்மையில் 12 வோல்ட் தராது. வேலை செய்யும்போது சுமார் 18, எதிலும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் 21, 22. இந்தக் கூடுதல் வேண்டுமென்றே வைத்தது. ஈய-அமில பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்ய 14.4 வோல்ட் வரை தேவை. சித்திரை வெயிலில் பேனலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏற பேனலின் வோல்டேஜ் இறங்கும். 18 என்று எழுதியிருப்பது மதியம் 15, 16 ஆகிவிடும். வயரில், டயோடில் கொஞ்சம் போனபிறகும் 14.4 மிஞ்ச வேண்டும் இல்லையா, அதற்குத்தான்.

இன்றைய மாடி பேனல் வேறு ரகம். 144 அரை செல்கள். 540 வாட் பேனல் என்றால் வேலை செய்யும் வோல்டேஜ் சுமார் 41.5, கரன்ட் சுமார் 13 ஆம்பியர். பேட்டரியை நினைத்து செய்ததில்லை அது. ஆறு பேனலை வரிசையாகக் கோத்து, கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசியை இன்வெர்ட்டருக்கு அனுப்புவதற்காகச் செய்தது. (மாடியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அந்த வரிசையில் இருந்து 'கொஞ்சம்' கரன்ட் எடுக்கலாமே என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கிட்டப் போகாதீர்கள். 300 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும்.)

நேராகக் கொடுத்தால் என்ன ஆகும்?

இதில்தான் ஒரு ஏமாற்று இருக்கிறது. நேராகக் கொடுத்தால் உடனே ஒன்றும் வெடிக்காது.

சோலார் பேனல், வீட்டு பிளக் பாயின்ட் மாதிரி இல்லை. தன்னால் முடிந்த ஆம்பியருக்கு மேல் அதனால் தர முடியாது. பேட்டரியோடு இணைத்த உடனே பேட்டரி அதன் வோல்டேஜைத் தன் பக்கம் இழுத்து 13-இல் உட்கார வைத்துவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 13.1 என்று காட்டும். "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று நிம்மதியாக மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

சிக்கல் பேட்டரி நிறைந்த பிறகு. 35 ஏஎச் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் சார்ஜ் நல்லது. திறனில் பத்தில் ஒரு பங்கு என்பது மெக்கானிக்குகள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. அதில் 13 ஆம்பியர் விடாமல் போனால்? நிறுத்த யாரும் இல்லை. வோல்டேஜ் 15, 16 என்று ஏறும். உள்ளே தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகக் கொதித்து வெளியேறும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மூடிய ஷெட், ஒரு லூஸ் டெர்மினல், ஒரு பொறி போதும். தெறிப்பது தண்ணீர் இல்லை, சல்ஃபியூரிக் அமிலம்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. 49 வோல்ட்டை அடக்கி வைத்திருப்பது பேட்டரி மட்டும்தான். வண்டியில் பேட்டரி இருக்கும்போதே சார்ஜ் போட்டு, நடுவில் டெர்மினல் கழன்றால், அந்த 49 வோல்ட் நேராக வண்டியின் வயரிங்கில் பாயும். மாமாவின் ஜீப்பில் போவதற்கு பல்பும் ஹாரனும்தான். இசியூ வைத்த புது வண்டி என்றால் பில் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பேட்டரியைக் கழற்றி தனியாக வைத்து சார்ஜ் போடுவது நல்லது என்று சொல்வது.

பல்பை சீரிஸில் போட்டால்?

ஆட்டோ எலக்ட்ரீஷியன்களிடம் ஒரு வைத்தியம் உண்டு: நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பை வைப்பது. பல்பு கொஞ்சம் கரன்ட்டைத் தடுக்கும், எரிகிற வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு போகிறது என்றும் தெரியும். அவசரத்துக்கு, பக்கத்திலேயே ஆள் நின்றால், ஓடும். ஆனால் பேட்டரி நிறைந்ததும் நிறுத்த பல்புக்குத் தெரியாது.

அடுத்தது 7812 மாதிரி மூன்று கால் ரெகுலேட்டர். இதன் வேலை மிச்ச வோல்டேஜை சூடாக்கி வெளியே தள்ளுவது. 41 வோல்ட்டை 14 ஆக்க வேண்டும், 3 ஆம்பியர் வேண்டும் என்றால் 27-ஐ 3-ஆல் பெருக்குங்கள், 81 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை ஒரே இடத்தில் வைத்த சூடு. அதற்கு முன்பே அந்த ஐசி போய்விடும், ஏனென்றால் அது தாங்குவதே 35 வோல்ட்வரைதான்.

பக் கன்வெர்ட்டர் எப்படி வேலை செய்கிறது?

சரியான வழி, வோல்டேஜை எரித்துக் குறைப்பது இல்லை, மாற்றிக் கொடுப்பது. அதைச் செய்வது பக் கன்வெர்ட்டர்.

குளத்து மடையை நினைத்துக்கொள்ளுங்கள். குளம் நிறைய தண்ணீர், வாய்க்காலுக்கு அவ்வளவு தாங்காது. மடையை ஒரு நொடி திறந்து இரண்டு நொடி மூடினால், வாய்க்காலில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் போகும். பக் கன்வெர்ட்டரில் மடை ஒரு டிரான்சிஸ்டர். நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கும் மேல் திறந்து மூடும். நடுவில் இருக்கும் காயில், அந்தத் துடிப்பை சீரான ஓட்டமாக்குகிறது. 42 வோல்ட்டை 14 ஆக்க மூன்றில் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும்.

மடை உதாரணம் இதற்கு மேல் உதவாது. வாய்க்காலில் தண்ணீர் குறையும், ஆனால் இங்கே வோல்டேஜ் மூன்றில் ஒன்றாகக் குறையும்போது ஆம்பியர் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். காயில் மூடிய நேரத்திலும் கரன்ட்டை ஓட்டிக்கொண்டே இருப்பதால் வரும் லாபம் இது. சூடாகப் போவது பத்து சதவீதம் சொச்சம்.

ஆன்லைனில் நூறு ரூபாய் சுற்றில் கிடைக்கும் நீல நிற குட்டி போர்டு எல்எம்2596. அதைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: அது தாங்கும் அதிகபட்ச உள்ளீடு 40 வோல்ட். இதன் அண்ணன் எக்ஸ்எல்4015, 5 ஆம்பியர் தரும் என்பார்கள், அதற்கு 36 வோல்ட். மாமாவின் பேனல் 49.5. காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது இன்னும் அரை வோல்ட் கூடும். இணைத்த நொடியில் போர்டு காலி. உள்ளே சுவிட்ச் ஷார்ட் ஆனால் முழு வோல்டேஜும் மறுபக்கம் போகும், அது இன்னும் மோசம்.

சரி, 60 வோல்ட் தாங்கும் பக் வாங்கினால்? அப்போதும் ஒரு மேகம் வந்தால் சிக்கல். பக் கன்வெர்ட்டர் ஒரு பிடிவாதக்காரன். வெயில் குறைந்தாலும் வெளியே அதே அளவு கொடுக்கப் பார்க்கும், அதற்காகப் பேனலில் இருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். பேனலின் வோல்டேஜ் இறங்கும், இன்னும் இழுக்கும், இன்னும் இறங்கும். கடைசியில் பேனல் பேட்டரி அளவுக்கே சரிந்து உட்காரும். ஜூன், ஜூலையில் குற்றாலம் பக்கம் சாரல் மேகம் ஓடும்போது நம்மூர் வானமும் நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறம் மாறும். அதனால் வோல்டேஜோடு கரன்ட்டுக்கும் வரம்பு வைக்க முடிகிற, இரண்டு திருகு கொண்ட போர்டுதான் எடுக்க வேண்டும்.

பிடபிள்யூஎம்மா, எம்பிபிடியா?

கடையில் 'சார்ஜ் கன்ட்ரோலர்' என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள்.

பிடபிள்யூஎம் மலிவு. அது வோல்டேஜை மாற்றாது. பேனலை பேட்டரியோடு சேர்த்துவிட்டு, நிறைந்ததும் விட்டுவிட்டு இணைக்கும், அவ்வளவுதான். 36 செல் பேனலுக்கு நல்ல ஜோடி. மாமாவின் பேனலுக்குப் போட்டால் 13 ஆம்பியர், 13 வோல்ட்: 170 வாட்டுக்குப் பக்கம். 540 வாட்டுக்குக் காசு கொடுத்து 170-ஐ வாங்குவது. அதுவும் கன்ட்ரோலர் பிழைத்தால்தான், பல சின்ன பிடபிள்யூஎம் கன்ட்ரோலர்களில் 12 வோல்ட் பேட்டரிக்குப் பேனல் பக்கம் 25 வோல்ட்தான் எல்லை.

எம்பிபிடி என்பது மூளை உள்ள பக் கன்வெர்ட்டர். பேனல் எந்த வோல்டேஜில் அதிக வாட் தருகிறது என்று ஓயாமல் தேடி அங்கேயே நிறுத்தும். அதே பேனலில் இருந்து 500 வாட்டுக்கு மேல் எடுக்கும். பேட்டரி நிறையும்போது தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் பெட்டியின் மேல் எம்பிபிடி என்று அச்சடித்துவிட்டு உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்கும் சரக்கு சந்தையில் தாராளம். உண்மையான எம்பிபிடிக்குள் பெரிய செம்புக் காயில் இருந்தே ஆக வேண்டும். கையில் தூக்கினாலே கனம் தெரியும். உள்ளங்கை அளவு, காற்றாடி மாதிரி லேசு, ஆனால் எம்பிபிடி என்றால், நம்பாதீர்கள்.

இங்கே நம் கோபம் யார் மேல் என்றால், வாங்குபவர் மேல் இல்லை. பேனலை 'இத்தனை வாட், இவ்வளவு ரூபாய்' என்று மட்டும் சொல்லி விற்கிறார்கள். வாட் என்பது மின்சார பில் பார்ப்பவருக்கான எண். பேட்டரி வைத்திருப்பவருக்கு வேண்டியது ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ், அது பேனலின் பின்பக்கம், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. கன்ட்ரோலர் தாங்கும் உள்ளீடு பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தில் இருக்கிறது. இரண்டையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

பயிற்சியிலும் இதே இடைவெளி. மாடியில் சோலார் பொருத்துபவர்களை உருவாக்க தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015 முதல் 'சூர்யமித்ரா' பயிற்சி நடத்துகிறது, 600 மணி நேரம். நல்ல விஷயம். ஆனால் மிச்சப் பேனலைத் தூக்கிக்கொண்டு ஊரில் ஒருவர் முதலில் போவது சூர்யமித்ராவிடம் இல்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேட்டரி கடைக்கு. அந்த அண்ணனுக்கு இரண்டு நாள் வகுப்பு போதும். ஐடிஐகளும் பாலிடெக்னிக்குகளும் சனி, ஞாயிறில் நடத்திவிடலாம். பேனலை மாடிக்கு ஏற்ற மானியம் கொடுக்கும் அரசு, அது கீழே இறங்கி வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பழைய 6 வோல்ட் வண்டிகள்

ராஜ்தூத், யெஸ்டி, அந்தக் கால புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது தனிக் கதை. அவற்றில் பல 6 வோல்ட். கடையில் கிடைக்கும் கன்ட்ரோலர்கள் 12-ஆ 24-ஆ என்று மட்டும் பார்க்கும், 6 வோல்ட்டை அவற்றுக்குத் தெரியாது. இங்கேதான் அந்த நூறு ரூபாய் போர்டுக்கு நியாயமான வேலை இருக்கிறது. 36 செல் கொண்ட 10 வாட் பேனல் எடுங்கள், 22 வோல்ட்தான் வரும், போர்டு தாங்கும். பேட்டரியை இணைப்பதற்கு முன்பே மீட்டர் வைத்து வெளியீட்டை 6.9 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். ராத்திரி பேட்டரியில் இருந்து போர்டுக்குள் கரன்ட் திரும்பிப் போகாமல் இருக்க ஒரு ஷாட்கி டயோடு வேண்டும். அது 0.3, 0.4 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால், 6.9-ஐ டயோடுக்கு அந்தப் பக்கம் அளந்து வையுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ் முனை, அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

மாமாவுக்கு என்ன சொன்னோம்

ஜீப் பேட்டரி 60 ஏஎச். பத்தில் ஒரு பங்கு என்றால் 6 ஆம்பியர், 14 வோல்ட்டில் 84 வாட். இதற்கு 540 வாட் பேனலா? கொசு அடிக்கக் கோடாலி. 36 செல் கொண்ட 75 வாட் பேனல், 10 ஆம்பியர் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ், முடிந்தது. முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் கொடுக்க வேண்டும், பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், அதுவும் மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு. வெயில் அடிக்கும்போது டிசி வயரை இழுத்தால் பொறி நீளமாக வரும்.

நம்மூர் சூட்டுக்கு இன்னொரு திருத்தம். 14.4 வோல்ட் என்பது 25 டிகிரிக்குச் சொன்னது. 40 டிகிரியில் 14.1 போதும். வெப்பத்தைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர் கிடைத்தால் அதை வாங்குங்கள். மாதத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் பாருங்கள், போர் தண்ணீர் கூடவே கூடாது. பேனலை செங்கல் வைத்து நிறுத்தாமல் ஆங்கிளில் முடுக்குங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், 75 வாட் பேனல் எம்மாத்திரம்.

ஒரு விஷயத்தை மாமா கடைசிவரை சொல்லவே இல்லை, நானாகத்தான் கேட்டேன்: பேட்டரி எத்தனை வருஷம் ஆச்சு? "அது கெடக்கும் ஏழெட்டு வருஷம்." இரண்டு நாள் சார்ஜ் போட்டு, கழற்றி ஒரு ராத்திரி சும்மா வைத்து, காலையில் அளக்கச் சொன்னேன். 12.6 இருந்தால் உயிர் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே என்றால் தகட்டில் சல்ஃபேட் இறுகிவிட்டது, எம்பிபிடி வைத்தாலும் எழுப்ப முடியாது. மறுநாள் வந்த வாட்ஸ்அப் போட்டோவில் மீட்டர் 11.4 காட்டியது.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் புதிது வாங்கும் கடையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழையதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. 540 வாட் பேனல் இப்போது தறிக்கூடத்துக்குப் போகிறது. அங்கே கரன்ட் போனால் லைட்டும் ஃபேனும் ஓட்டும் 24 வோல்ட் இன்வெர்ட்டரும், இரண்டு 150 ஏஎச் பேட்டரியும் இருக்கின்றன. 100 வோல்ட் உள்ளீடு தாங்கும் ஒரு எம்பிபிடி வைத்தால் வெயில் நேரத்தில் 19 ஆம்பியர் வரை ஏறும், அந்த பேட்டரிகளுக்குத் தாங்கும் அளவு. "கன்ட்ரோலர் கனமா இருக்கான்னு தூக்கிப் பாத்துத்தான் வாங்குவேன் மாப்ள" என்றார்.